செவிலியர் பணி: கொள்கையும் நடைமுறையும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது

முன்னுரை

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்று வள்ளுவர் அதில் கூறுகிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் இரண்டு, மருந்து மூன்று. நான்காவதாக அவர் சொல்வது 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்பவரே உழைச்செல்வான். தேர்வுக்காகப் படித்தபோது இந்த நான்காவது பகுதியை நான் பெரிதாக நினைக்கவில்லை. சென்ற கோடை விடுமுறையில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

என் பாட்டி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆனால் ஒன்பதாம் நாள் பாட்டியின் முதுகின் கீழே உள்ளங்கை அளவுக்குத் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இரவுப் பணியில் இருந்த சிஸ்டரைப் பார்த்துச் சத்தம் போட்டார். அந்த சிஸ்டர் எதிர்த்துப் பேசவில்லை. "அண்ணே, இந்த வார்டுல நாப்பது கட்டில். ராத்திரிக்கு நான் ஒருத்திதான். ரெண்டு மணிக்கு ஒரு தடவ எல்லாரையும் திருப்பிப் போடணும்னுதான் நான் படிச்சேன்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பாட்டியை நோகாமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி, முதுகுக்குத் தலையணையை எங்கே அண்டை கொடுப்பது, முழங்கால்களுக்கு நடுவே துணியை மடித்து வைப்பது ஏன் என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார்.

படித்தது ஒன்று, செய்ய முடிவது ஒன்று என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. செவிலியர் படிக்கும் கொள்கைகள் யாவை? அவற்றை நடைமுறைப்படுத்துவதில் உள்ள சிக்கல்கள் யாவை? நம் தருமபுரி மாவட்டத்தில் இப்பணி எவ்வாறு நடந்து வந்திருக்கிறது? இவற்றை எனக்கு எட்டிய அளவில் இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லும் வரலாறும்

'செவிலி' என்பது புதிதாகச் செய்த சொல் அன்று. சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாயைச் செவிலித்தாய் என்றனர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தான் பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டவளின் பெயரை, தன் உறவல்லாத நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வைத்தது மிகப் பொருத்தம் அல்லவா? மருத்துவமனையில் நாம் 'சிஸ்டர்' என்று அழைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. மேல்நாடுகளில் பல நூற்றாண்டுகள் நோயாளிகளைப் பராமரித்தவர்கள் துறவற சபைகளைச் சேர்ந்த கன்னியர்களே. அவர்களை அழைத்த பெயர் இப்பணிக்கே பெயராக நிலைத்துவிட்டது.

நவீன செவிலியர் பணியைத் தொடங்கி வைத்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910). கிரிமியப் போரின்போது 1854-ஆம் ஆண்டு துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆயினும் இந்திய நகரங்களின், கிராமங்களின் சுகாதாரத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார்.

நம் மாநிலத்திற்கு இவ்வரலாற்றில் முக்கிய இடம் உண்டு. 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கேயே பட்டப்படிப்பும் வந்தது. 1947-இல் இந்தியச் செவிலியர் மாமன்றச் சட்டம் நிறைவேறியது. ஒரு செவிலியர் என்ன படித்திருக்க வேண்டும் என்பதை நாடு முழுவதற்கும் வரையறுப்பது இச்சட்டம் இம்மாமன்றத்துக்கு அளித்த வேலை.

ஐந்து கொள்கைகள்

நோயாளிக்கு ஊசி போடுவதற்கும் கொள்கைக்கும் என்ன தொடர்பு என்று தோழியர் சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 'எதைச் செய்வது' என்பதைக் கை கற்றுக்கொள்ளும். 'ஏன் செய்வது' என்பதைக் கொள்கைதான் சொல்லும்.

முதலாவது, நைட்டிங்கேலின் சுற்றுச்சூழல் கொள்கை. தூய காற்று, வெளிச்சம், தூய நீர், துப்புரவு, அமைதி, தகுந்த உணவு ஆகியவற்றை நோயாளிக்கு அமைத்துக் கொடுத்தால், உடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ள வழி பிறக்கும் என்பது அவர் கருத்து. ஸ்கூட்டாரியில் 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட வீரர்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் இறந்தனர். சாக்கடைகளைச் சீர்செய்து, காற்றோட்டம் ஏற்படுத்திய பின்னர், ஜூன் மாதத்தில் அது நூற்றுக்குச் சுமார் 2 ஆகக் குறைந்தது. விளக்கேந்திய சீமாட்டி என்று அவரைப் படங்களில் பார்க்கிறோம். அவருடைய மற்றொரு கையில் கணக்கு நோட்டு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இறப்புகளை எண்ணி, காரணத்தைப் பிரித்து, வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவர் அவர்.

இரண்டாவது, அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சனின் கொள்கை. மூச்சு விடுதல், உண்ணுதல், கழிவு வெளியேற்றல், உறங்குதல், உடுத்துதல், வழிபடுதல் என மனிதனுக்கு 14 அடிப்படைத் தேவைகள் உண்டு என்றார். நோயாளிக்குப் போதிய வலிமையோ அறிவோ இருந்தால் தானே செய்துகொள்ளக் கூடியவற்றை, அவை இல்லாதபோது செவிலியர் செய்கிறார். கூடிய விரைவில் அவர் தானே செய்துகொள்ளும்படி ஆக்குகிறார் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

மூன்றாவது, ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் வெளியிட்ட உறவுக் கொள்கை. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் நம்பிக்கையே ஒரு சிகிச்சை என்றார். பாட்டி எங்களிடம் சொல்லாத வலியை அந்த இரவு சிஸ்டரிடம் சொன்னார். காரணம், சிஸ்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கட்டிலருகே ஒரு நிமிடம் நின்றார். அவ்வளவுதான்.

நான்காவது, டோரதியா ஓரம் என்பவரின் தற்பராமரிப்புக் கொள்கை. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் செவிலியர் ஊசி போட்டுக்கொண்டிருக்க முடியாது. அவரே அளவு பார்த்துப் போட்டுக்கொள்ளவும், காலில் புண் வராமல் கவனிக்கவும் கற்றுக்கொடுப்பதே சிறந்த பணி. இதன்படி செவிலியரும் ஓர் ஆசிரியரே.

ஐந்தாவது, மேடலின் லைனிங்கர் என்பவரின் பண்பாட்டுக் கொள்கை. ஒவ்வொரு மக்களுக்கும் பிறப்பு, இறப்பு, உணவு, நோய் பற்றி வழிவழியாக வந்த பழக்கங்கள் உண்டு. அவற்றில் தீங்கில்லாதவற்றைக் காக்க வேண்டும். தீங்கானவற்றை அவர்கள் மனம் ஒப்பும்படி மாற்ற வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு தருவது நம் வழக்கம். அதைக் கேலி செய்யும் செவிலியரிடம் எந்தத் தாயும் மறுபடி வரமாட்டாள். பத்தியத்திலேயே கீரையையும் பருப்பையும் சேர்க்கச் சொல்பவரிடம் வருவாள்.

ஐந்து படிகள்

இக்கொள்கைகளை நாள்தோறும் பயன்படுத்த 'செவிலியச் செயல்முறை' என்ற ஒழுங்கு உள்ளது. இதற்கு ஐந்து படிகள். நோயாளியை ஆராய்தல், தேவையைக் கண்டறிதல், திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பிடல் என்பன அவை. என் பாட்டியையே எடுத்துக்கொள்வோம். அசைய முடியாமல் ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறார், தோல் மெலிந்திருக்கிறது என்று பார்ப்பது முதற்படி. இவருக்குப் படுக்கைப்புண் வரக்கூடும் என்று முடிவு செய்வது இரண்டாம் படி. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், விரிப்பு ஈரமில்லாமல் இருக்க வேண்டும், புரதச் சத்துள்ள உணவு வேண்டும் என்று எழுதுவது மூன்றாம் படி. அவ்வாறே செய்வது நான்காம் படி. தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது ஐந்தாம் படி.

மருந்து கொடுப்பதிலும் ஐந்து சரிபார்ப்புகள் உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். இவை எளியவைதாம். ஆனால் ஒருவருக்குச் செய்வது எளிது. ஒரே இரவில் நாற்பது பேருக்குச் செய்வது எளிதா? நாற்பது பேரைத் திருப்பிப் போட, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 200 நிமிடம் ஆகிறது. அதாவது மூன்று மணி இருபது நிமிடம். முதற்சுற்று முடியும் முன்பே இரண்டாம் சுற்றின் நேரம் வந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு மாமா அந்த சிஸ்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சிட்டிலிங்கி தரும் பாடம்

கொள்கை நடைமுறைக்கு வந்ததற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அரூருக்கு அப்பால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்துகொண்டிருந்தன. பேறுகாலத்தில் சிக்கல் என்றால் காட்டு வழியாக அரூருக்கோ, அதையும் தாண்டிச் சேலத்துக்கோ போக வேண்டும்.

1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், அவர் மனைவி டாக்டர் லலிதா இருவரும் அங்கே குடியேறிப் பழங்குடியினர் நல முயற்சியைத் தொடங்கினர். மக்கள் கட்டிக்கொடுத்த ஒரு குடிசையே முதல் மருத்துவமனை. ஒரு பெஞ்சும் நூறு வாட் விளக்கும் வைத்துக்கொண்டு பிரசவமும் சிறு அறுவைச் சிகிச்சையும் பார்த்தார்கள். இரண்டு மருத்துவர்கள் இருந்தால் மட்டும் போதுமா? வள்ளுவர் சொன்ன நான்காம் பகுதிக்கு எங்கே போவது? நகரத்தில் படித்த செவிலியர் அந்தக் காட்டில் வந்து தங்குவது கடினம். ஆகவே அவ்வூர்ப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். மலைக் கிராமத்து இளம்பெண்கள் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் கண்டறியவும், பிரசவம் பார்க்கவும், அறுவைச் சிகிச்சையில் உதவவும் கற்றுக்கொண்டனர். இதல்லாமல், ஊரில் மதிப்புப் பெற்ற வயதான பெண்களைக் கிராமங்களே தேர்ந்தெடுத்து அனுப்பின. அவர்கள் கர்ப்பிணிகளைப் பார்த்து, சத்துணவைப் பற்றியும் துப்புரவைப் பற்றியும் தம் மொழியிலேயே எடுத்துச் சொல்லும் நலப் பணியாளர்கள் ஆனார்கள்.

சில ஆண்டுகளில் குழந்தை இறப்பு 1000-க்கு 147 என்பதிலிருந்து சுமார் 20 ஆகக் குறைந்தது. குடிசை இருந்த இடத்தில் இன்று முப்பதுக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனை நடக்கிறது.

இங்கே ஐந்து கொள்கைகளும் ஒன்றாக நிற்பதைத் தோழியர் கவனிக்கலாம். துப்புரவு நைட்டிங்கேலின் பாடம். கர்ப்பிணிக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளக் கற்றுத்தருவது ஓரம் சொன்ன பாடம். தெரிந்த முகம் தரும் நம்பிக்கை பெப்லாவ் சொன்னது. தம் மக்களின் வழக்கத்தை அறிந்தவரே பணியாளராக வருவது லைனிங்கர் வேண்டியது. தானே செய்ய இயலாத தாய்க்கும் சேய்க்கும் செய்து கொடுப்பது ஹெண்டர்சன் கூறியது.

ஒரு கேள்வியும் எழுகிறது. செவிலியர் முறையாகப் படித்து, மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது நோயாளியின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி. அது மிகவும் தேவை. அதே வேளையில், பதிவு பெற்றவர்கள் வராத மலையில் யார் பார்த்துக்கொள்வது? மலைப் பகுதிப் பெண்களே கூடுதலாகச் செவிலியர் கல்லூரிகளில் சேர்ந்து, பட்டயம் பெற்று, சொந்த மண்ணுக்குத் திரும்பினால் இரண்டும் நிறைவேறும் என்பது என் கருத்து.

பதிவேடு காத்த உயிர்கள்

மருத்துவமனைக்கு வெளியே பணி செய்பவர் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப் பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து 'பிக்மி' எண் வாங்கித் தருவது, இரத்தச்சோகைக்கு மாத்திரை தருவது, தடுப்பூசி போடுவது, பிறப்பு இறப்பைக் குறித்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

அந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு கசப்பான உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு காலத்தில் சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை நடந்தது. வீட்டார் வெளியே சொல்லமாட்டார்கள். ஆனால் பிரசவத்துக்கு முன்பும் பின்பும் வீடு தேடிச் சென்ற செவிலியருக்கு, சென்ற வாரம் நன்றாக இருந்த பெண் குழந்தை இந்த வாரம் இல்லை என்பது தெரியும். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் அத்தகைய மரணங்கள் 'சமூகக் காரணம்' என்று எழுதப்பட்டன. 1990-களில் அப்பதிவேடுகளை ஆராய்ந்தபோதுதான் எத்தனை பெண் குழந்தைகள் இவ்வாறு போயின என்பது எண்ணிக்கையாக வெளிவந்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011-இல் அது 913 ஆயிற்று.

இந்த மாற்றத்துக்குப் பலர் உழைத்தனர். பெண்கள் படித்ததும் ஒரு காரணம். ஆயினும் ஊராரின் பகையைப் பொருட்படுத்தாமல் உண்மையை எழுதி வைத்த செவிலியரின் பேனாவுக்கும் அதில் பங்குண்டு. இந்த வகுப்பறையில் உட்கார்ந்து நான் இதை எழுதுகிறேன் என்றால், நம் மாவட்டத்தில் பெண்ணாய்ப் பிறந்து பிழைத்திருக்கிறேன் என்பதால்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய சாமனப்பள்ளியும் நமக்குத் தூரமில்லை. அவ்வூர் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவதும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே செவிலியர் வந்து பராமரிப்பதும் இத்திட்டத்தின் நோக்கம்.

இன்றைய சவால்கள்

1. ஆள் பற்றாக்குறை: சாதாரண வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மாமன்றத்தின் அளவுகோல். நான் கண்ட வார்டில் நாற்பதுக்கு ஒருவர். உலக அளவிலும் இதே நிலைதான். உலகில் 2.79 கோடி செவிலியர் இருப்பதாகவும், இன்னும் 59 லட்சம் பேர் தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. ஆள் இல்லாத இடத்தில் நோயாளியின் உறவினரே பாதிச் செவிலியர் ஆகிறார். உறவினர் இல்லாத நோயாளியின் கதி என்ன?

2. ஊதியம்: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-இல் தேர்வான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியமே தரப்பட்டது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னையில் போராடினார்கள். அதன் பிறகு ஊதியம் உயர்ந்தது. தியாகம் என்று புகழ்ந்துவிட்டு, வீட்டு வாடகைக்கும் போதாத சம்பளம் கொடுப்பது முறையாகுமா?

3. வெளிநாடு செல்லுதல்: நம் நாட்டில் படித்த செவிலியர் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் போகின்றனர். கடன் வாங்கிப் படித்த பெண்ணைக் குறை கூற முடியாது. ஆனால் அவள் விட்டுச் சென்ற இடம் காலியாகவே இருக்கிறது.

4. தொற்று ஆபத்து: 2018 மே மாதம் கேரளத்தில் நிபா காய்ச்சல் பரவியபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி அதே நோயால் இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் அவர். கொரோனாக் காலத்தில் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து, வீட்டுக்குப் போகாமல் பணி செய்தவர்களை நாம் கண்ணால் கண்டோம். கைதட்டினோம். கைதட்டலோடு கையுறையும் முகக்கவசமும் குறைவில்லாமல் தர வேண்டும்.

5. பாதுகாப்பு: மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-இல் அம்மருத்துவமனை ஊழியன் ஒருவனாலேயே தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015-இல் இறக்கும்வரை 42 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக வந்த செவிலியர் அவரைப் பார்த்துக்கொண்டனர். ஊட்டுவதும், குளிப்பாட்டுவதும், திருப்பிப் படுக்க வைப்பதுமாக ஒருநாளும் கைவிடவில்லை. அவரை உயிர் நீங்க விடலாமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் அதற்கு இணங்கவில்லை. அச்செவிலியரின் சேவையை நீதிமன்றம் வெகுவாகப் பாராட்டியது. இரவுப் பணி செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பான ஓய்வறையும், விளக்குள்ள வழியும், வீடு சேர வண்டியும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சமூகத்தின் பார்வை

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நம் வீடுகளில் இருக்கிறது. பாட்டி வீடு திரும்பிய பிறகு, செவிலியர் படிப்புப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னேன். அப்பா, "ராத்திரி வேலை, கண்டவங்களத் தொட்டுத் துடைக்கிற வேலை, நமக்கு வேண்டாம்மா" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. கட்டிலில் இருந்த பாட்டிதான், "கண்டவங்களத் தொட்டுத் துடைக்கிறவ இல்லேன்னா நான் இன்னிக்கு இங்க இருப்பேனாடா?" என்று கேட்டார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. மகள்மேல் உள்ள அக்கறையால்தான் அவர் அஞ்சுகிறார். அவர் அஞ்சும் காரணங்களை மேலே வரிசையாக நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் குறைகளை நீக்க வேண்டியது அரசாங்கமும் மருத்துவமனைகளும் சமூகமும் ஆகும். அவற்றுக்காகப் பணியையே இழிவாக நினைப்பது நியாயமாகாது. நோயுற்றபோது வணங்குவதும், மகளுக்கு வரன் தேடும்போது 'நர்ஸ் வேண்டாம்' என்பதும் ஒரே வாயிலிருந்து வரலாமா? ஆண்களும் இப்பணிக்கு வருகிறார்கள். பராமரிப்பு பெண்ணுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் மாற வேண்டும்.

முடிவுரை

மே 12 நைட்டிங்கேல் பிறந்த நாள். அதை உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று பூங்கொத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

மாணவியராகிய நாம் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. கைகளை முறையாகக் கழுவுவது, இரத்தச்சோகைக்குத் தரும் மாத்திரையைக் குப்பையில் போடாமல் விழுங்குவது, ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் நம் வீட்டு விவரத்தை மறைக்காமல் சொல்வது, படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கக் கற்றுக்கொள்வது ஆகியவை அவை.

என் பாட்டியின் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. பகலில் அம்மாவும், மாலையில் நானும், நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அப்பாவும் முறை வைத்துத் திருப்பிப் போட்டோம். கடிகாரத்தில் அலாரம் வைத்தவர் அப்பாவே. ஒருநாள் காலையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தவர், "ஒருத்தருக்கே இவ்வளவு பாடு. நாப்பது பேருக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணியிருக்கும்!" என்றார். என் படிப்பைப் பற்றி அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. இந்த மலர் அச்சாகி வீட்டுக்கு வந்ததும் முதலில் அவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன்.